இருபத்திரண்டு அங்குலத் தண்ணீர்

ஆற்றங்கரையில் கூடாரம் போட வருகிறவர்கள் முதலில் தேடுவது தட்டையான இடத்தை. அதில் தவறில்லை, கல்லும் மேடும் முதுகை உறுத்தினால் தூக்கம் வராது. ஆனால் ஆற்றங்கரையில் ஓர் இடம் தட்டையாக இருக்கிறது என்றால், அதைத் தட்டையாக்கியது ஆறுதான் என்று யாரும் யோசிப்பதில்லை. வெள்ளம் வந்து மணலைப் பரப்பி, தேய்த்துவிட்டுப் போன இடம் அது. பதினான்கு ஆண்டுகளில் ஆயிரம் பேருக்காவது இதைச் சொல்லியிருப்பேன். பாதிப் பேர் கூடாரத்தைப் பிடுங்கி மேட்டுக்கு மாற்றினார்கள். மீதிப் பேர் சிரித்துத் தலையாட்டிவிட்டு அங்கேயே படுத்தார்கள்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. டன்மோர் ஆற்றுப் பூங்காவில் முகாம் பொறுப்பாளர் என்றால் சம்பளம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். ஏப்ரல் முதல் அக்டோபர் கடைசி வரை உங்கள் டிரெய்லர் வீட்டை நிறுத்த ஓர் இடம், தண்ணீர், மின்சாரம், ஓர் ஆரஞ்சு நிற மேல்சட்டை. அதற்குப் பதிலாக விறகு விற்பது, அடுப்புக் குழிகளில் சாம்பல் அள்ளுவது, புதிதாக வருகிறவர்களுக்கு வழி காட்டுவது. முப்பத்தோரு ஆண்டுகள் நகராட்சியின் குடிநீர் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். மனைவி போன பிறகு வீட்டை விற்றேன். என் டிரெய்லர் நின்ற அந்த முதலாம் எண் இடம்தான் எனக்கு முகவரி.

நாம் பேச வேண்டியது அக்டோபர் பத்தொன்பதாம் தேதி, சனிக்கிழமை காலை, டூயி ஆஸ்க்யூ இறந்ததைப் பற்றி. நீங்கள் கூப்பிட்டு நான் வரவில்லை, நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். விபத்தைப் பற்றிய பொறியாளரின் அறிக்கையில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்த வந்தேன். பிழை என்ன என்று புரிய வேண்டுமானால் முதலில் தரைப்பாலம் எப்படி வேலை செய்கிறது என்று புரிய வேண்டும்.

ஆறு கேபின்களும் தென்கரையில் இருக்கின்றன. நெடுஞ்சாலை வடகரையில். இரண்டையும் சேர்ப்பது தொண்ணூறு அடி நீளக் கான்கிரீட் தளம். கைப்பிடிச் சுவர் இல்லை. பள்ளத்துப் பக்கம் முழங்கால் உயரத்தில் விளிம்புக் கற்கள் மட்டும். சாதாரண நாளில் ஆறு தளத்துக்கு அடியில் உள்ள குழாய்களின் வழியாகப் போகும். மழை பெய்தால் தளத்தின் மேலேயே போகும். அப்படிப் போகும்படிதான் கட்டியிருக்கிறார்கள். உயரமாகக் கட்டினால் வெள்ளத்தில் வரும் மரங்கள் வந்து இடித்து உடைத்துவிடும். தாழ்வாகக் கட்டி, தண்ணீரை மேலே விட்டு, அந்த நேரத்தில் மனிதர்களைத் தடுத்து வைத்தால் போதும். அந்தத் தடுத்து வைக்கும் வேலையைப் பதினான்கு ஆண்டுகள் நான் செய்தேன். தளத்தின் ஓரத்தில் அடியும் அங்குலமும் எழுதிய கம்பம் ஒன்று இருந்தது. காலையில் ஒருமுறை, மேலே மழை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நடந்து போய்ப் பார்ப்பேன். தளத்துக்கு மேலே ஆறு அங்குலம் வந்தால் சங்கிலியைக் குறுக்கே கட்டிப் பூட்டுவேன். நோட்டில் எழுதுவேன்.

இங்கே மழை பெய்ய வேண்டும் என்றுகூட இல்லை. முப்பது மைல் மேலே ஹார்லன் கேப்பில் கொட்டினால் போதும். அங்கே ஆறு உச்சத்துக்கு ஏறிப் பத்து மணி நேரத்தில் அந்த உச்சம் இங்கே வரும். மண் ஏற்கெனவே நனைந்திருந்தால் ஒன்பதரை. அங்கே எத்தனை அடி என்றால் இங்கே எத்தனை அங்குலம் என்பதற்கு என்னிடம் ஒரு பட்டியல் உண்டு. பதினான்கு ஆண்டுகளில் நானே போட்டது. பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்கு மேல் பிசகாது.

போன வசந்தத்தில் தானியங்கித் தடுப்பு வைத்தார்கள். நல்ல கருவி. அதைப் பற்றி நான் ஒருபோதும் குறை சொன்னதில்லை. தளத்தின் ஓரத்தில் இரும்புக் குழாய் ஒன்று ஆற்றுக்குள் செங்குத்தாக நிற்கும். அதன் கீழ்ப்பகுதியில் விரல் நுழைகிற அளவுக்கு ஆறு துளைகள். வெளியே ஆறு எவ்வளவு அலை அடித்தாலும், துளைகள் வழியாக உள்ளே வரும் தண்ணீர் அமைதியாக அதே மட்டத்தில் நிற்கும். அடியில் உள்ள சென்சார் அந்தத் தண்ணீரின் எடையை உணர்ந்து உயரத்தைச் சொல்லும். ஆறு அங்குலம் தாண்டினால் இரண்டு கரையிலும் சிவப்பு விளக்கு மின்னும், சாலைக்குக் குறுக்கே தடுப்புக் கம்பு தானாக இறங்கும். கேபிள் புதைக்கத் தோண்டியபோது என் அளவுக் கம்பத்தைப் பிடுங்கிப் போட்டார்கள். திரும்ப நடவில்லை.

ஆகஸ்டில் பூங்காக் கண்காணிப்பாளர் கிர்ஸ்டன் வோல்மர் என் டிரெய்லருக்கு வந்தார். முப்பத்துநான்கு வயது. மரியாதையான பெண்.

"மிஸ்டர் ஸ்டான்சில், இனிமே உங்களுக்கு அலைச்சலே இல்ல. அந்தச் சங்கிலிய எடுத்து ஷெட்ல போட்டுடுங்க."

"ரெண்டும் இருக்கட்டுமே. கருவின்னா ஒரு நாள் தப்பும்."

"ஒரே இடத்துல ரெண்டு விதமா தடுத்தா ஜனங்க குழம்பிடுவாங்க சார். கம்பு தூக்கியிருக்கு, சங்கிலி கட்டியிருக்குன்னா எத நம்புவாங்க? அதோட, சென்சாருக்குக் காய்ச்சல் வராது, பேரன் கல்யாணம் வராது."

"எனக்குப் பேரன் இல்ல."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன் சார்." பிறகு அவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, தென்கரைக்கு இனி தங்கியிருக்கும் பொறுப்பாளர் தேவையில்லை என்று மேலிடத்தில் முடிவு செய்திருப்பதைச் சொன்னார். அக்டோபர் முப்பத்தொன்று வரை. பிறகு முதலாம் எண் இடத்தையும் வாடகைக்கு விடுவார்களாம். எனக்கு ஒரு நினைவுப் பலகை செய்து தரப்போவதாகவும் சொன்னார். மரத்தில், பெயர் பொறித்து.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி அந்தக் கருவி உண்மையிலேயே தவறியது. இதில் நான் கை வைக்கவில்லை. மின்சாரப் பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டி, கம்பு இறங்கவில்லை. தளத்தின் மேல் பதினோரு அங்குலம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய வீட்டு வண்டி, கணவன் மனைவி, பின்னால் இரண்டு நாய்கள், நேராக வந்தார்கள். நான் சாலை நடுவில் நின்று கையை விரித்துத் தடுத்தேன். "தேங்க்ஸ் பெரியவரே," என்றார் அந்த மனிதர். திரும்பிப் போய் சோள ரொட்டி சுட்டுச் சாப்பிட்டார்கள். நான் வோல்மருக்கு வாக்கி டாக்கியில் சொன்னேன். மதியமே டெக்னீஷியன் வந்து எறும்புகளைத் துடைத்து, பெட்டியைச் சுற்றி மருந்து தெளித்துவிட்டுப் போனார். வோல்மர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். இரண்டு வரி, கடைசியில் ஒரு சிரிக்கும் முகம்.

இதை நான் கோபத்தோடு சொல்லவில்லை. எது எப்படி வேலை செய்கிறது என்று நீங்கள் புரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன். குடிநீர் நிலையத்திலும் இதே கதைதான். முப்பத்தோரு ஆண்டுகள் ஊரில் ஒருவருக்கும் வயிற்றுப்போக்கு வரவில்லை. அதற்காக யாராவது கதவைத் தட்டி நன்றி சொன்னார்களா? நடக்காமல் போன ஒன்றை யாருக்கும் காட்ட முடியாது. அன்று இரவு அந்த மின்னஞ்சலை மறுபடி படித்தபோதுதான் எனக்கு இது தெளிவானது.

அக்டோபர் பதினேழு, வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணிக்குத் துளைகளை அடைத்தேன்.

அதற்குக் குழாய் வேலைக்காரர்கள் பயன்படுத்தும் பிசின் மாவு போதும். ஈரத்திலும் ஒட்டும், கையால் அமுக்கினால் போதும். தளத்தின் ஓரத்தில் மண்டியிட்டு, முழங்கை வரை தண்ணீரில் விட்டு, ஒவ்வொரு துளையாகத் தடவிப் பார்த்து அடைத்தேன். ஏழு நிமிடம் ஆனது. ஆரஞ்சு மேல்சட்டை போட்டிருந்தேன். மூன்று பேர் கடந்து போனார்கள், கையசைத்தார்கள். ஒருவர் மீன் இருக்கிறதா என்று கேட்டார். இந்தப் பக்கம் நீரோட்டம் வேகம், கீழே ஆழமான மடுவுக்குப் போங்கள் என்று சொல்லி, மீன் ஏன் மடுவில் நிற்கிறது என்பதையும் விளக்கினேன்.

துளைகளை அடைத்துவிட்டால் குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் அந்த மட்டத்திலேயே நின்றுவிடும். வெளியே ஆறு எவ்வளவு ஏறினாலும் சென்சாருக்கு அது வியாழக்கிழமை மதியம்தான். கருவி கெட்டுப்போகவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சரியாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

கார்லிஸ் ஆஸ்க்யூ என்ற அம்மாவும் அவர் தம்பி டூயியும் அதற்கு முந்தைய திங்கட்கிழமையே வந்திருந்தார்கள். ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் மூன்றாம் வாரம், நான்காம் எண் கேபின். சாய்தளம் இருக்கிற ஒரே கேபின் அதுதான். டூயி சுண்ணாம்புக்கல் குவாரியில் விழுந்து முதுகெலும்பு போனவர். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. சக்கர நாற்காலி. கார்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். எதிலும் நேரம் தவறமாட்டார். கேபினைக் காலி செய்யும்போது தரையைப் பெருக்கி, அடுப்பைத் துடைத்து, விரிப்புகளை மடித்து வைத்து, வந்தபோது இருந்ததைவிடச் சுத்தமாக விட்டுப் போவார். பதினோரு மணிக்குள் சாவியைப் பெட்டியில் போட வேண்டும் என்பது விதி. பெட்டி வடகரையில் இருக்கிறது. கார்லிஸ் எப்போதும் பத்தே முக்காலுக்குப் போடுவார்.

வெள்ளிக்கிழமை மாலை அவர்களுடைய நெருப்புக் குழி அருகே உட்கார்ந்திருந்தேன். கார்லிஸ் மான்கறியும் பீன்ஸும் போட்டுக் குழம்பு வைத்திருந்தார். விறகு புகைந்தது. ஏன் புகைகிறது என்று சொல்லத் தொடங்கினேன்.

"ஆரம்பிச்சுட்டாருய்யா," என்றார் டூயி. "அக்கா, உப்ப எடுன்னு மட்டும் இவர்கிட்டக் கேட்டுடாத. கடல் எப்படி உண்டாச்சுன்னு ஆரம்பிப்பாரு."

"சும்மா இருடா. அவர் சொல்லித்தான் போன வருஷம் உன் நாற்காலி பிரேக்கு சரியாச்சு."

"அது சரி. ஆனா அந்த பிரேக்குக்கு அரை மணி நேரம் விளக்கம் கேட்டேனே, அது யாரு திருப்பித் தருவா?" என்று சொல்லிவிட்டு என் பக்கம் தட்டை நீட்டினார். "சாப்பிடும் பெரியவரே. வாய் நிறைஞ்சிருந்தாத்தான் எங்களுக்கு நிம்மதி."

மாத முடிவோடு என்னை அனுப்புகிறார்கள் என்று அப்போதுதான் அவர்களிடம் சொன்னேன். டூயி கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்னய்யா இது அநியாயமா இருக்கு. நீர் இல்லாம அடுத்த வருஷம் நான் யாரக் கிண்டல் பண்றது?"

"அவங்க மனசு மாறலாம் மெர்ல்," என்றார் கார்லிஸ்.

"மாறாது. நான் கவர்னருக்கே லெட்டர் எழுதுறேன். அக்கா, பேனா எடு. இல்ல, இவர்கிட்டக் கேக்காத, பேனால மை எப்படி இறங்குதுன்னு சொல்லுவாரு."

நாங்கள் மூவரும் சிரித்தோம். டூயி உண்மையிலேயே எழுதியிருப்பார். அப்படிப்பட்டவர். என் விளக்கங்களை முழுவதும் கேட்கிறவர் அந்தப் பூங்காவில் அவர் ஒருவர்தான். கிண்டல் செய்வார், ஆனால் அடுத்த ஆண்டு வந்து, போன ஆண்டு சொன்னதிலிருந்து கேள்வி கேட்பார். அவரை எனக்கு மிகவும் பிடிக்கும். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்று இரவு ஹார்லன் கேப்பில் நான்கு அங்குல மழை. இங்கே ஒரு துளி இல்லை. சனிக்கிழமை விடிந்ததும் அங்கே ஆற்றின் அளவைக் கணினியில் பார்த்தேன். நள்ளிரவு பன்னிரண்டரைக்கு உச்சம். மண் நனைந்திருந்தது. பட்டியலைப் பார்த்து நோட்டில் எழுதினேன்: காலை பத்து, தளத்தின் மேல் இருபத்திரண்டு அங்குலம். நேரமும் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அந்தப் பக்கத்தைத்தான் உங்கள் முன் திறந்து வைத்திருக்கிறேன்.

பிறகு அன்று காலி செய்கிறவர்கள் பட்டியலைப் பார்த்தேன். மற்றவர்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை நான்காம் எண் மட்டும்.

இதைக் கேட்டதும் நீங்கள் பேனாவை நிறுத்தினீர்கள். நான் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. பட்டியல் அப்படி இருந்தது. ஆனால் கேட்டதால் சொல்கிறேன்: வேறு யாராக இருந்தாலும் தண்ணீரைப் பார்த்துப் பயந்து நின்றிருப்பார்கள். கார்லிஸ் தண்ணீரைப் பார்க்கமாட்டார். என்னைத்தான் பார்ப்பார்.

ஒன்பதரைக்கு மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு தென்கரைத் தடுப்பருகே போய் உட்கார்ந்தேன். எறிகயிற்றுப் பையையும் எடுத்துப்போனேன். எழுபத்தைந்து அடிக் கயிறு பைக்குள் சுருட்டியிருக்கும், முனையைப் பிடித்துக்கொண்டு பையை வீசினால் அவிழ்ந்துகொண்டே போகும். யாருக்கும் தீங்கு நினைப்பவன் அதை எடுத்துப்போகமாட்டான் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். சங்கிலி ஷெட்டில் இருந்தது. எடுக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

வெயில் நன்றாக அடித்தது. சிக்கமோர் மரங்கள் மஞ்சளாகியிருந்தன. ஆறு தேநீர் நிறத்தில் தளத்தின் மேல் ஒரே சீராக ஓடியது. பழக்கமில்லாதவர்களுக்கு அது ஏமாற்றும். அலை அடித்தால் ஆழம் என்று நினைப்பார்கள். வழவழப்பாக ஓடினால்தான் ஆழம். கம்பு மேலே தூக்கியபடி நின்றது. விளக்கு மின்னவில்லை.

பத்து இருபதுக்கு அவர்கள் வேன் வந்தது. அந்த வேனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சக்கர நாற்காலி ஏறுவதற்காகத் தரையைப் பத்து அங்குலம் இறக்கிக் கட்டிய வண்டி அது. அதனால் சாலைக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. கார் தண்ணீரில் அடித்துக்கொண்டு போவது எடை குறைவு என்பதால் அல்ல. மூடிய பெட்டியாக இருப்பதால். தண்ணீர் வயிற்றைத் தொட்டதும் தூக்கத் தொடங்கும். ஒவ்வோர் அங்குலத்துக்கும் சக்கரத்தின் பிடி குறையும். உயரமான லாரிக்கு இரண்டடி தேவைப்படும். இந்த வேனுக்கு ஓர் அடியே அதிகம். உள்ளே நாற்காலியைத் தரையோடு நான்கு பட்டைகள் பிடித்திருக்கும், நான்கு கொக்கிகள், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. அது எப்படி இறுகுகிறது, எப்படி விடுகிறது என்பதை முந்தைய ஆண்டு டூயிக்கு நான்தான் விளக்கினேன்.

கார்லிஸ் என் அருகில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கினார்.

"மெர்ல், தண்ணி வந்திருக்கே. போலாமா?"

பின்னாலிருந்து டூயியின் குரல். "அக்கா, இவர்கிட்டக் கேட்டா நாம பதினோரு மணிக்குச் சாவி போட முடியாது. மழை எப்படி பெய்யுதுங்கிறதுலேந்து ஆரம்பிப்பாரு."

நான் தடுப்பைப் பார்த்தேன். "கேட் திறந்துதானே இருக்கு," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். மூன்று சொற்கள். அதில் ஒன்றும் பொய் இல்லை.

"அட," என்றார் டூயி. "சுருக்கமாப் பேசிட்டாருய்யா. காலண்டர்ல எழுதி வை அக்கா."

கார்லிஸ் சிரித்துக்கொண்டே கை காட்டிவிட்டு வண்டியை இறக்கினார்.

முப்பது அடி வரை சரியாகப் போனது. பின்பக்கம் முதலில் எழுந்தது. எஞ்சின் முன்னால் இருப்பதால் எப்போதும் அப்படித்தான். பின்பக்கம் பள்ளத்தை நோக்கித் திரும்பி, வண்டி குறுக்காகி, விளிம்புக் கற்களில் முட்டி நின்றது. நானும் அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தேன். கற்களில் நிற்கும், கண்ணாடி வழியாகக் கயிறு கொடுக்கலாம், வாக்கி டாக்கியில் கூப்பிடலாம், எல்லோரும் வந்து பார்ப்பார்கள். பார்த்தால் புரியும்.

வோல்மரைக் கூப்பிட்டேன். பிறகு கயிற்றை வீசினேன். முதல் வீச்சிலேயே கார்லிஸ் கையில் விழுந்தது. "உங்க இடுப்புல கட்டுங்க," என்று கத்தினேன். அவர் இடுப்பில் கட்டிக்கொண்டு பின்பக்கம் போனார். உள்ளே தண்ணீர் டூயியின் மடிக்கு வந்திருந்தது. அவர் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"யோவ் மெர்லு," என்று கத்தினார். "கொக்கி வரமாட்டேங்குது. என்ன பண்ணணும், சீக்கிரம் சொல்லும்."

நான் வரிசையாகச் சொன்னேன். பின்னால் உள்ள இரண்டில் இடதுபக்கம் முதலில், ஏனென்றால் வண்டி வலப்பக்கம் சாய்ந்திருப்பதால் இழுவை எல்லாம் வலப்பட்டையில் இருக்கும். இழுவை இருக்கும் பட்டையின் கொக்கி திறக்காது. முதலில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளித் தளர்த்த வேண்டும். பிறகு முன் இரண்டு. சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இழுக்க வேண்டும், அமுக்கிவிட்டு இழுத்தால் வராது. தெளிவாகச் சொன்னேன். ஒரு சொல்கூடக் குழறவில்லை. கார்லிஸ் நான் சொன்னபடியே செய்தார், மூன்று கொக்கிகள் வந்தன.

"போ அக்கா," என்று டூயி சொன்னது கேட்டது. "போடி. நான் வரேன்."

நான்கு நிமிடம் ஆகியிருக்கும். ஒரு கட்டை வந்து மேல்பக்கம் மோதியது. வேன் கற்களின் மேல் ஏறி, அந்தப் பக்கம் மடுவுக்குள் சரிந்தது. கார்லிஸ் கண்ணாடி வழியாக வெளியே வந்தார். அவராக வந்தாரா, தம்பி தள்ளிவிட்டாரா என்று அவருக்கே தெரியவில்லை. கயிற்றை மரத்தில் சுற்றி இழுத்துக் கரை சேர்த்தேன். அவர் என் மேல்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்துத் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மதியம் இரண்டு மணிக்கு, அரை மைல் கீழே, டூயியை எடுத்தார்கள். நாற்காலியில்தான் இருந்தார்.

மற்றது உங்களுக்குத் தெரியும். மாவட்டச் செய்தித்தாளில் என் படம் வந்தது, கையில் கயிற்றோடு. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வடிந்ததும் துளைகளில் இருந்த மாவைச் சுரண்டி எடுத்தேன். இந்தக் காபி டப்பாவில் இருப்பது அதுதான். திங்கட்கிழமை வோல்மர் என் டிரெய்லர் படியில் உட்கார்ந்து அழுதார். "உங்க பேச்சக் கேட்டிருக்கணும் சார். அந்தச் சங்கிலி அங்கேயே இருந்திருக்கணும்," என்றார். தானியங்கியை அணைத்துவிட்டார்கள். அளவுக் கம்பத்தைத் திரும்ப நட்டார்கள். குளிர்காலம் முழுவதும் தங்கும்படி கேட்டார்கள், அடுத்த ஆண்டும். மூன்று வாரமாகக் காலையில் நடந்து போய் அளவு பார்த்துக்கொண்டிருக்கிறேன். கார்லிஸிடமிருந்து ஓர் அட்டை வந்தது. 'நீங்கள் அங்கே இருந்தது கடவுள் செயல்' என்று எழுதியிருந்தார். அதை மேசைமேல் வைத்திருக்கிறேன்.

அப்படியே இருந்திருக்கலாம். எனக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது, யாரும் என்னைச் சந்தேகப்படவும் இல்லை. ஆனால் நேற்று வோல்மர் பொறியாளரின் அறிக்கையை என்னிடம் படிக்கக் கொடுத்தார். பதினெட்டுப் பக்கம். துளைகளில் வண்டல் அடைத்துக்கொண்டதாம். வண்டல் அடைக்காது. துளைகள் நீரோட்டத்துக்கு முதுகு காட்டி இருக்கின்றன, குழாயின் அடியிலிருந்து ஒரு சாண் மேலே இருக்கின்றன. வண்டல் அடியில்தான் படியும். இது முதலாண்டு மாணவனுக்குத் தெரிய வேண்டும். அதையாவது விட்டிருப்பேன். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அன்று காலை தரைப்பாலத்தில் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்பதை அங்கிருந்த எவரும் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

எவரும்.

நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். நோட்டில் எழுதி, நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டிருந்தேன். பிறகு வெள்ளக் கறையை வைத்து அவர்களே அளந்திருக்கிறார்கள், பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது: இருபத்திரண்டரை. அரை அங்குலம்தான் வித்தியாசம்.

இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன். துளைகளை அடைத்தது நான். வண்டி மிதக்கும் என்று தெரிந்தே அவர்களைப் போகவிட்டது நான். அந்த அம்மாவிடம் ஒரே ஒரு எண்ணைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் இரண்டாம் முறையாகக் கேட்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் சொல்லியிருந்தால் கார்லிஸ் வண்டியைத் திருப்பியிருப்பார், அந்த எண் சரிதானா என்று யாரும் அளந்து பார்த்திருக்கமாட்டார்கள்.